பள்ளியில் குழந்தைக்குப் பலத்த காயம்: பெற்றோருக்குச் சட்டத்தில் உள்ள வழிகள்

பெங்களூரில் அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஒரு வீட்டுக் குழந்தை பள்ளியில் விழுந்து பலமாக அடிபட்டால், சாயங்காலத்துக்குள் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு சட்டம் சொல்லிவிடுவார்கள். "போலீஸ்ல கேஸ் குடுங்க, பணம் தானா வரும்" என்பார் ஒருவர். "கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்பார் இன்னொருவர். "ஆஸ்பத்திரி செலவை ஸ்கூலே பார்த்துக்குறோம்னு சொல்லிட்டாங்க, புள்ள அங்கதானே படிக்கணும், விட்டுடுங்க" என்பார் வீட்டுப் பெரியவர். மூன்று பேரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதில் எதையும் அப்படியே நம்பி நடந்தால் நஷ்டம் குழந்தைக்குத்தான்.

கேஸ் போடுவது என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. தவறு செய்தவருக்குத் தண்டனை வாங்கித் தருவது ஒன்று. குழந்தையின் சிகிச்சைக்கும் எதிர்காலத்துக்கும் பணம் வாங்குவது இன்னொன்று. பள்ளி நடக்கும் முறையைத் துறை மூலம் கேள்வி கேட்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய இடம் வேறு, காட்ட வேண்டிய ஆதாரம் வேறு, கெடுவும் வேறு. ஒன்றைத் தொடங்கினால் மற்றதை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. ஒன்றில் தோற்றால் எல்லாம் முடிந்தது என்பதும் இல்லை.

எல்லா அடியும் பள்ளியின் குற்றமா?

கடைக்குப் போகிற அவசரத்தில் எதிர்வீட்டு அக்காவிடம் குழந்தையை அரை மணி நேரம் விட்டுப் போகிறோம். குழந்தை ஓடி விளையாடும்போது தடுக்கி விழுந்து முட்டி சிராய்த்தால் அக்காவை யாரும் குறை சொல்ல மாட்டோம். ஆனால் கொதிக்கிற குழம்புச் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு அவர் மாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தால்? குழந்தை அந்தப் பக்கம் தவழ்ந்து போகும் என்பது யாருக்கும் தெரியும். தெரிந்தும் பார்த்துக்கொள்ளவில்லை என்றுதான் கேட்போம்.

சட்டம் பள்ளியிடம் கேட்பதும் இதே கேள்விதான். பிள்ளையைப் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர், ஒரு பொறுப்பான பெற்றோர் எடுக்கும் அளவுக்காவது எச்சரிக்கை எடுக்க வேண்டும். இதற்குக் கவனக் கடமை என்று பெயர். ஆபத்து வரும் என்று முன்கூட்டியே ஊகிக்க முடிந்தும் அந்தக் கடமையைச் செய்யாமல் விட்டு, அதனால் காயம் ஏற்பட்டால் அது அலட்சியம். கபடி ஆடும்போது சரியான தரை, மேற்பார்வை எல்லாம் இருந்தும் கை பிசகினால் அது விபத்து. இரண்டாவது மாடிக் கைப்பிடிக் கம்பி ஆடுகிறது என்று டீச்சரே எழுதிக் கொடுத்தும் ஒரு மாதம் சரிசெய்யாமல் விட்டு, அதில் சாய்ந்த ஏழாம் வகுப்புப் பையன் கீழே விழுந்தால் அது அலட்சியம். எந்த வழிக்குப் போனாலும், நீதிபதி முதலில் கேட்பது இதைத்தான்: பள்ளிக்கு முன்னமே தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா, தெரிந்து என்ன செய்தது?

"அது அந்த மிஸ் பண்ண தப்பு, நிர்வாகத்துக்குச் சம்பந்தமில்லை" என்று பள்ளி சொல்வது வழக்கம். அது செல்லாது. வேலைக்காரர் வேலையின்போது செய்த தவறுக்கு முதலாளியும் பதில் சொல்ல வேண்டும். இதற்குச் சார்புப் பொறுப்பு என்று பெயர். 1995-ல் பதான்கோட் பக்கத்துப் பள்ளி ஒன்று பிள்ளைகளை பியாஸ் ஆற்றுக்கு பிக்னிக் கூட்டிப் போனதில் 14 மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள். பள்ளிக் காம்பவுண்டுக்கு வெளியே நடந்தது என்ற வாதம் எடுபடவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் தரும்படி உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் 2001-ல் உறுதி செய்தது.

டூருக்கு முன்னால் "எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல" என்று நம்மிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்களே, அது? பிள்ளையை அனுப்பச் சம்மதம் என்பதற்குத்தான் அந்தத் தாள் சாட்சி. அலட்சியமாக இருக்க அது அனுமதிச் சீட்டு ஆகாது. குழந்தையின் உரிமையை அதைக் காட்டி முடித்துவிட முடியாது.

சுருக்கமாக: காயம் பட்டது என்பது மட்டும் போதாது, அலட்சியம் இருந்தது என்று காட்ட வேண்டும். அது இருந்தால் தனி ஆசிரியரோடு நிர்வாகமும் பொறுப்பு.

போலீஸ் வழி: தண்டனைக்கு

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. அதன் 125-ஆம் பிரிவு, பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வரும்படி அலட்சியமாக நடப்பதைக் குற்றம் என்கிறது. கொடுங்காயம் ஏற்பட்டால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொடுங்காயம் என்றால் என்ன என்று 116-ஆம் பிரிவு சொல்கிறது. கண், காது, கை கால் போவது மட்டுமில்லை. எலும்பு முறிந்தாலும், பல் உடைந்தாலும், முகத்தில் நிரந்தர வடு விழுந்தாலும், 15 நாள் கடும் வலியில் கிடந்தாலும் அது கொடுங்காயம்தான். "சும்மா எலும்பு முறிவுதானே" என்று ஸ்டேஷனில் யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

அடித்ததால் வந்த காயம் என்றால், அல்லது வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டார்கள் என்றால், இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 75-ஆம் பிரிவும் வரும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பில் வேலை செய்பவருக்கு அதில் 5 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் வரை அபராதம். பள்ளியில் உடல் தண்டனையே கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-ஆம் பிரிவு தனியாகத் தடுக்கிறது.

இங்கே பெங்களூர்த் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம்மில் பலர் கன்னடம் சரளமாகப் பேசுவோம், ஆனால் படிக்கத் திணறுவோம். எஃப்.ஐ.ஆர். கன்னடத்தில்தான் எழுதப்படும். நாம் வாயால் சொன்னதை எழுதிக்கொண்ட பிறகு, திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். தயங்காமல் கேளுங்கள். ஆடுகிற கம்பியைப் பற்றி நீங்கள் சொன்னது அதில் இருக்கிறதா, அல்லது "விளையாடும்போது தவறி விழுந்தான்" என்று மட்டும் இருக்கிறதா என்று கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். வெறும் மனு ரசீதையோ எண்டார்ஸ்மென்டையோ எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து வந்துவிடாதீர்கள்.

பதிவு செய்ய மறுத்தால் புகாரை எழுத்தில் டி.சி.பி.க்கு (துணை போலீஸ் கமிஷனருக்கு) அனுப்பலாம். அங்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனு போடலாம்.

போலீஸ் வழியில் பணம் தானாக வராது. அபராதம் அரசுக்குப் போகிற பணம். அதிலிருந்து ஒரு பங்கைக் குடும்பத்துக்குக் கொடுக்கும்படி நீதிமன்றம் சொல்லலாம். பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் மூலமும் கேட்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்கச் சிகிச்சை தேவைப்படும் குழந்தைக்கு அதெல்லாம் போதாது. போலீஸ் வழக்கின் பெரிய உபயோகம், சம்பவ இடத்தைச் சாட்சிகள் முன்னால் பார்த்து எழுதி (மகஜர் போட்டு), சாட்சிகளை விசாரித்து, பதிவுகளைக் கைப்பற்றி வைப்பது. அந்தக் காகிதங்கள் நஷ்டஈட்டு வழக்குக்கு உதவும்.

நஷ்டஈட்டு வழிகள்: பணத்துக்கு

இதில்தான் குழப்பம் அதிகம். காயம் எங்கே, எப்படி நடந்தது என்பதைப் பொறுத்து வழி மாறும்.

பள்ளிப் பேருந்தோ வேனோ சம்பந்தப்பட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். பெங்களூரில் ஸ்மால் காசஸ் கோர்ட்டு இந்த வேலையைச் செய்கிறது. நாம் குடியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருப்பதால் பணம் கைக்கு வரும் வாய்ப்பும் இங்கேதான் அதிகம். ஆனால் 2019-ல் திருத்திய சட்டப்படி விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அந்த ஆறு மாதம் ஓடிவிடும், கவனம்.

கட்டடத்திலோ மைதானத்திலோ லேபிலோ நடந்தது என்றால் சிவில் வழக்கு. குழந்தையின் பெயரிலேயே வழக்கு நடக்கும், பெற்றோர் அதன் சார்பில் நடத்துவார்கள். பொதுவாக 3 ஆண்டு கெடு. இதில் பலருக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பு இருக்கிறது: வயது வராதவருக்குக் கெடு 18 வயதுக்குப் பிறகுதான் ஓடத் தொடங்கும். அதாவது பெற்றோர் ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தாலும், அந்தப் பிள்ளை 21 வயதுக்குள் தானே வழக்குப் போடலாம். அதற்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. பத்து வருடம் கழித்து எந்த ஆயா சாட்சி சொல்ல வருவார்? அரசுப் பள்ளி என்றால் வழக்குக்கு 2 மாதம் முன்னால் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அங்கே கெடு இன்னும் குறைவு என்று வாதாட இடம் உண்டு என்பதால் ஒரு வருடத்துக்குள் வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது. கோர்ட்டுக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் கட்டணமில்லாமல் வழக்கு நடத்த அனுமதி கேட்கலாம்.

கன்ஸ்யூமர் கோர்ட்டு, அதாவது நுகர்வோர் ஆணையம்? பெங்களூருக்கே சொந்தமான ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 2006 டிசம்பரில் இங்குள்ள பள்ளி ஒன்று மாணவிகளை வட இந்தியாவுக்குக் கல்விச் சுற்றுலா கூட்டிப் போனது. வழியில் 14 வயதுப் பெண்ணுக்கு மூளைக்காய்ச்சல். உடம்பு சரியில்லை என்று தெரிந்தும் கூடப் போன ஆசிரியர்கள் சரியான நேரத்தில் வைத்தியம் பார்க்கவில்லை. அந்தப் பெண் படுக்கையோடு முடங்கிவிட்டாள். மாநில நுகர்வோர் ஆணையம் சுமார் 88.73 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. தேசிய ஆணையம் அதை 50 லட்சமாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றம் பழைய தொகையைத் திரும்பக் கொண்டுவந்தது. அடிபடுவது மட்டும்தான் காயம் என்றில்லை, நோய் வந்த பிள்ளையைக் கவனிக்காமல் விட்டதும் அலட்சியம்தான் என்பதை அந்த வழக்கு காட்டுகிறது.

ஆனால் இதை வைத்துக் கன்ஸ்யூமர் கோர்ட்டு உறுதியான வழி என்று நினைக்கக் கூடாது. பள்ளிப் படிப்பு நுகர்வோர் சட்டத்தின் கீழ் ஒரு சேவையா என்பதில் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. டூர், நீச்சல், விளையாட்டு உட்படப் பள்ளி நடத்தும் எதுவும் நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2020-ல் தேசிய ஆணையத்தின் பெரிய அமர்வு சொல்லிவிட்டது. அது உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டில் போனது. கெடு 2 ஆண்டு. என் கருத்து: இங்கே மனு போடுவதானால், சிவில் வழக்கின் கெடு முடிகிற வரை இதையே நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அரசுப் பள்ளியிலோ மாநகராட்சிப் பள்ளியிலோ அலட்சியம் பளிச்சென்று தெரிந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் (அரசு அமைப்பு அடிப்படை உரிமையை மீறியது என்று நேரடியாகப் போடும் மனு) உண்டு. 94 குழந்தைகளைப் பலிகொண்ட 2004 கும்பகோணம் தீ விபத்தைத் தொடர்ந்து வந்த வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் ஒரு பகுதிதான் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை இதுபோன்ற மனுக்களில் இன்றும் காட்டலாம்.

சுருக்கமாக: வண்டி என்றால் தீர்ப்பாயம், 6 மாதம். மற்றவை சிவில் கோர்ட்டு, 3 ஆண்டு. கன்ஸ்யூமர் வழி 2 ஆண்டு, ஆனால் நிச்சயமில்லை.

எவ்வளவு பணம், எப்படிக் கணக்கு?

ஆஸ்பத்திரி பில்லைக் கூட்டிப் பார்த்து "இதைக் கொடுத்துவிட்டால் சரி" என்பதுதான் பள்ளிகள் வழக்கமாகச் சொல்வது. பில் ஒரு பங்குதான். இனிமேல் ஆகும் ஆபரேஷன், பிசியோதெரபி, கூட இருந்து பார்த்துக்கொள்பவரின் சம்பளம் (அம்மா வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டாலும் அதற்கு மதிப்பு உண்டு), வலி, இழந்த குழந்தைப் பருவம், பெரியவனானால் சம்பாதித்திருக்கக் கூடிய வருமானம் எல்லாம் சேரும்.

குழந்தைகளுக்கான கணக்கில் தெளிவு இருப்பது வாகன விபத்து வழக்குகளில்தான். 2013-ல் உச்ச நீதிமன்றம் ஒரு அளவு சொன்னது: ஆன மருத்துவச் செலவு போக, ஊனம் 10 சதவீதம் வரை என்றால் 1 லட்சம், 30 வரை 3 லட்சம், 60 வரை 4 லட்சம், 90 வரை 5 லட்சம், அதற்கு மேல் 6 லட்சம். மிகக் கடுமையான காயங்களில் இதைத் தாண்டியும் போயிருக்கிறது. விபத்தில் முழுவதுமாக முடங்கிய 12 வயதுப் பெண் ஒருத்திக்கு 2020-ல் 62 லட்சத்துக்கு மேல் கிடைத்தது. அதில் பெரும்பகுதி ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் செலவுக்கும், இழந்த வருமானத்துக்கும். இதனால்தான் அரசு மருத்துவக் குழு தரும் ஊனச் சான்றிதழ் முக்கியம். அதில் உள்ள சதவீதம் தொகையையே மாற்றிவிடும்.

குழந்தைக்குக் கிடைக்கும் பணத்தை 18 வயது வரை வங்கி வைப்பில் போடச் சொல்வது நீதிமன்றங்களின் வழக்கம். சிகிச்சைக்கு வேண்டியதை அனுமதி கேட்டு எடுக்கலாம்.

துறைக்குப் புகார்

பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அதிகாரி), அவருக்கு மேல் டி.டி.பி.ஐ. (கல்வித் துறைத் துணை இயக்குநர்), சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் அந்த வாரியம், இவர்களுக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். கர்நாடக மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நேரடியாக விசாரிக்கும், ஆவணங்களை வரவழைக்கும், நடவடிக்கைக்குப் பரிந்துரை செய்யும். இவர்கள் யாரும் கோர்ட்டைப் போல நஷ்டஈட்டுத் தீர்ப்புத் தர முடியாது. ஆனால் ஆணையம் கேட்டால் பள்ளி பதில் எழுதித் தந்தே ஆக வேண்டும். கம்பி எப்போது கடைசியாகப் பழுது பார்க்கப்பட்டது என்பது அந்தப் பதிலில் வெளியே வரும். அரசுப் பள்ளி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

முதல் வாரத்தில் காகிதம்

நான் அதிகம் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான். நல்ல வழக்குகள் பல கோர்ட்டில் தோற்பதில்லை, முதல் வாரத்திலேயே தோற்றுவிடுகின்றன.

குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் பள்ளி ஊழியர்தான். கேஷுவாலிட்டியில் டாக்டர் "என்ன ஆச்சு?" என்று கேட்பார். கூட வந்தவர் சொல்வதை எழுதிக்கொள்வார். "படியில் ஓடும்போது விழுந்துவிட்டான்" என்று அங்கே ஒரு வரி விழுந்துவிட்டால், அது டிஸ்சார்ஜ் சம்மரி வரைக்கும் கூடவே வரும். இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் படித்துக் காட்டுவார். ஆகவே போய்ச் சேர்ந்ததும், காயம் எப்படி ஏற்பட்டது என்று குறிக்கும் ஹிஸ்டரி (வரலாறு) என்ற பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். தவறாக இருந்தால் அதே நாளில் உங்கள் தரப்பையும் பதியச் சொல்லுங்கள். எம்.எல்.சி. போடச் சொல்லுங்கள். எம்.எல்.சி. என்பது போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய காயம் என்று ஆஸ்பத்திரி செய்யும் பதிவு. பவுரிங் போன்ற அரசு ஆஸ்பத்திரியில் மட்டுமல்ல, தனியாரிலும் அதைக் கேட்கலாம்.

அடுத்தது சிசிடிவி. பழைய பதிவின் மேல் புதிய பதிவு தானாக ஏறிவிடும், சில இடங்களில் ஒரு சில வாரத்திலேயே. அன்றைய பதிவை அழிக்காமல் வைக்கும்படி பிரின்சிபாலுக்கு ஒரு கடிதம் எழுதி, நகலில் சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மெயிலும் போடுங்கள். சம்பவ இடத்தைத் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். கம்பியை மறுநாளே வெல்டிங் வைத்துவிடுவார்கள். வகுப்பு வாட்ஸப் குழுவில் வந்த செய்திகளைப் பத்திரமாக வையுங்கள். மருந்துக்கடை ரசீது, ஆட்டோ கூலி, எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

சமரசம் பேச வந்தால்

சமரசம் கெட்டது இல்லை. பல குடும்பங்களுக்கு அதுவே சீக்கிரமான வழி. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில், அடுத்த ஆபரேஷனுக்குப் பணம் கட்டச் சொன்ன நேரத்தில் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். காயம் எவ்வளவு ஆறும் என்று டாக்டருக்கே அப்போது தெரியாது. பள்ளி தானாக ஆஸ்பத்திரி பில் கட்டினால் கட்டட்டும், அதற்கு ரசீது வைத்துக்கொள்ளுங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி மட்டும் வேண்டாம். கோர்ட்டுக்குப் போகவே மாட்டேன் என்று எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. வழக்கு நடக்கும்போது குழந்தை சார்பில் சமரசம் செய்வதானால், நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது. தொகை குழந்தைக்கு நியாயமா என்று நீதிபதி பார்த்த பிறகே அது கட்டுப்படுத்தும்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்றால்

சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன்படி குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. வழக்கு குழந்தையுடையது என்பதால் அப்பாவின் சம்பளத்தை யாரும் கேட்க வேண்டியதில்லை. எச். சித்தையா சாலையில் நியாய தேகுல கட்டடத்தில் கர்நாடக மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். குழந்தைகள் உதவிக்கு 1098. முதல் நாள் போகும்போது எம்.எல்.சி. எண், டிஸ்சார்ஜ் சம்மரி, எஃப்.ஐ.ஆர். நகல், பள்ளிக்கு எழுதிய கடிதத்தின் சீல் வைத்த நகல், ரசீதுகள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இவற்றைக் கொண்டு போங்கள். தமிழ் தெரிந்த வக்கீல் வேண்டும் என்றால் அதையும் அங்கேயே கேட்டுப் பாருங்கள்.